கிழக்கு பார்த்த கூடாரம்

"கூரை, சுவர், கதவு இதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கு! நாலு முளைக்குச்சியும் ஒரு கித்தானும் போறும். என் பெண்டாட்டி குழந்தையை ஆகாசத்துக்கு அடியிலேயே ராஜபோகமா வெச்சுக் காப்பாத்துவேன். உசிர் இருக்கிற வரைக்கும் ஒருத்தன் வாசப்படியிலேயும் போய் நிக்கமாட்டேன்!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷத்து நவராத்திரியில், காளிகாட்டில் ஒரு சந்துக்குள் இருந்த வாடகை வீட்டின் கூரைக்குக் கீழே பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, கையில் கொண்டைக்கடலைச் சுண்டலுடன் வெங்கடசுப்ரமணியன் இப்படிப் பிரகடனம் செய்தார். பிரகடனம் முடிகிற சமயத்தில் ஒரு கடலை தொண்டையில் சிக்கிக்கொண்டதால், அவர் இருமி முடிக்கும்வரை சபை காத்திருக்க வேண்டியதாயிற்று. சபை என்றால் மனைவி ஜகதாம்பாளும் மச்சினன் மஹாதேவனும்தான். கொலுப் பொம்மைகளையும் சேர்த்துக்கொண்டால் நல்ல கூட்டம் என்றே சொல்லலாம்.

வெங்கடசுப்ரமணியன் வீரச் செயல் எதுவும் செய்யாமலேயே முப்பத்தாறு வயதை எட்டியவர். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து, மெட்ரிகுலேஷன் தேறி, உத்தியோகம் தேடிக் கல்கத்தா வந்து, கிதிர்ப்பூர் கப்பல்துறைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பட்டாளத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரை வரவழைக்கிற கம்பெனி அது. கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குதிரையின் நிறம், உயரம், நெற்றிச் சுழி இவற்றை எழுதிவைப்பது அவர் வேலை. வந்த குதிரைகளுக்கெல்லாம் ஜாதகம் கணித்தவர் என்றாலும், எந்தக் குதிரையையும் கை எட்டும் தூரத்துக்கு அவர் நெருங்கவிட்டதில்லை.

அந்தக் குதிரைகளோடு கப்பலில் வந்து லாயத்திலேயே தங்கிவிட்ட டாம் என்ற வெள்ளைக்காரன், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தன் ஊர்க் கதை சொல்வான். அவனுடைய அப்பன், பெண்டு பிள்ளைகளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, மரம் மட்டை இல்லாத செம்மண் காட்டில் மாதக்கணக்காகப் போவானாம். அச்சாணிக்குப் பக்கத்தில் கித்தான் பையில் தண்ணீர் தொங்குமாம். சாம்பலில் ரொட்டி சுடுவார்களாம். இருட்டினால் கூடாரம், விடிந்தால் பயணம். கதை கேட்டுக் கேட்டு வெங்கடசுப்ரமணியனுக்குக் கும்பகோணத்தைவிட ஆஸ்திரேலியாவின் உள்நாடு அத்துப்படியாகிவிட்டது. டாம் ஒரு கங்காருவைப் பார்த்ததாகச் சொன்னால், காளிகாட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது ஒரு மந்தையாகியிருக்கும்.

இதெல்லாம் யாருக்கும் தீங்கில்லாத பெருமை. ஆனால் அந்த வருஷம் அவருடைய ஒரே பெண் ஜலஜாவுக்கு விஷஜுரம் வந்தது. விட்டு விட்டு வந்தது. ஏழு வயதுக் குழந்தை, கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் வீங்கிக் கிடந்தாள். பார்க்க வந்த வங்காளி டாக்டர் கொய்னாவைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மருந்து பாதிதான் பாபு. மீதி காத்து. இந்த ஈரக் காத்தை விட்டு மேற்கே அழைச்சுண்டு போங்கோ. இன்னொரு தரம் குளிர் ஜுரம் வந்தா இந்த ஒடம்பு தாங்காது." கல்கத்தாவில் ஜுரத்திலிருந்து எழுந்தவர்கள் துர்கா பூஜை முடிந்ததும் மேற்கே வறண்ட பூமிக்குப் போய்க் காற்று மாற்றிக்கொண்டு வருவது வழக்கம். அதற்குச் 'சேஞ்ச்' என்று பெயர்.

இந்த இடத்தில்தான் மஹாதேவன் வந்தான். ரயில்வே ஆபீஸில் உத்தியோகம். அத்திம்பேரைவிட வயதில் சின்னவன், பதவியில் பெரியவன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது எந்த மாப்பிள்ளைக்கும் பிடிக்காத சேர்க்கை.

"அத்திம்பேரே, மதுபூர்ல ஒரு வீடு எடுத்திருக்கேன். மீனாக்ஷியும் நானும் மட்டும்தான். நீங்க மூணு பேரும் வந்து இருங்கோ. நல்ல வறண்ட காத்து, கெணத்து ஜலம். குழந்தை தேறிடுவா" என்றான்.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தச் சரித்திரமே இல்லை. சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, "உங்க ஆஸ்திரேலியாக் கதையையும் அங்கே சாவகாசமா கேக்கலாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டான்.

கதை! கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகியும் இன்னும் தளராதிருந்த மாப்பிள்ளை முறுக்கு வெங்கடசுப்ரமணியனுக்குள் விறைத்துக்கொண்டது. அதன் பலன்தான் மேலே கண்ட பிரகடனம்.

மஹாதேவன் போனபின் ஜகதாம்பாள் கொலுவுக்கு ஆரத்தி எடுத்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ஏன்னா, குழந்தை ஒடம்பு விளையாட்டில்லே."

"யார் விளையாடறா? மேற்கே போகணும்னார், போறோம். ரயில்ல போனா என்ன, ரோட்டுல போனா என்ன? காத்து ரோட்டுலதான் ஜாஸ்தி."

"ரோட்டுல எதுல போறது?"

"குதிரை வண்டி."

அடுத்த அறையில் படுத்திருந்த ஜலஜா, நாலைந்து நாளாகத் தலையைத் தூக்காதவள், எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்பா! ஷத்தி? நிஜமான கோரா?" அவளுக்குத் தமிழைவிட வங்காளி சுலபம், நிஜம் என்றால் 'ஷத்தி', குதிரை என்றால் 'கோரா'தான்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஜகதாம்பாள் மூட்டை கட்டத் தொடங்கினாள். கணவரை அவள் நம்பவில்லை. குழந்தை எழுந்து உட்கார்ந்ததை நம்பினாள்.

குதிரையின் பெயர் ஜாக். ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டதென்று பட்டாளத்தார் வேண்டாமென்று தள்ளிவிட, லாயத்தில் சும்மா தின்றுகொண்டிருந்த கிழக் குதிரை. அசல் ஆஸ்திரேலியச் செம்மண்ணில் பிறந்தது. லீவு முடிகிறவரை வைத்துக்கொள்ளும்படி மானேஜர் துரை சொல்லிவிட்டார். வண்டி ஒன்று அமைந்தது. பட்டாளத்துப் பழைய கூடாரமும் ஒன்று கிடைத்தது. ஊர் ஓரத்து டாக்குரியாவில் குளக்கரை ஓரமாக ஒரு சாயங்காலம் ஒத்திகை நடந்தது. கூடாரம் எழும்பியது, பிறகு உள்ளே இருந்த வெங்கடசுப்ரமணியன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. அவர் அதை ஒத்திகையின் வெற்றி என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார். நிஜத்தில் விழாமலிருப்பதற்காகத்தானே ஒத்திகையில் விழுகிறது?

விஜயதசமிக்கு மறுநாள், ஹௌராப் பாலத்தைத் தாண்டி, மேற்கே போகும் பெருஞ்சாலையில் அந்தக் குடும்பம் புறப்பட்டது.

முதல் கஷ்டம் பாஷை. ஜாக்குக்குத் தமிழும் தெரியாது, வங்காளியும் தெரியாது. டாம் லாயத்தில் வழங்கிய சில சொற்களுக்கு மட்டுமே அது நகரும். அவை எப்படிப்பட்ட வசவுகள் என்பது வெங்கடசுப்ரமணியனுக்குத் தெரியும். அதனாலேயே அவர் வாய்க்குள் முணுமுணுத்தார். முணுமுணுப்புக்கு ஜாக் காது கொடுக்கவில்லை. ஆளில்லாத சாலையில் ஜகதாம்பாள் கடிவாளத்தை வாங்கிக்கொண்டாள். ஸ்நானம் செய்து, மடிசார் கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு உட்கார்ந்து, கணவர் முணுமுணுத்ததுதான் இங்கிலீஷில் 'ஹை ஹை' போலும் என்று நினைத்து, அந்தச் சொற்களைக் கணீரென்று சொன்னாள். ஜாக் பறந்தது. பர்த்வானுக்கு அருகே எதிரில் சைக்கிளில் வந்த ஒரு பாதிரியார் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றிவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"என்ன மரியாதை பாருங்கோ" என்றாள் ஜகதாம்பாள்.

"ஆமாம், ஆமாம். வண்டியை வேகமா விடு" என்றார் கணவர்.

இரண்டாவது, கூடாரத்தின் வாசல். வாசல் கிழக்கே இருக்க வேண்டும் என்பதில் வெங்கடசுப்ரமணியனுக்குச் சந்தேகமே கிடையாது. ஆஸ்திரேலியாக்காரன் எந்தத் திக்கில் வேண்டுமானாலும் வாசல் வைத்துக்கொள்ளட்டும். குடும்பஸ்தன் வீடு கிழக்கு பார்த்துத்தான் இருக்கும். தினமும் சாயங்காலம் அஸ்தமன சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, கையை நீட்டித் திக்கு நிச்சயித்த பிறகே முளை அடிப்பார். ஜகதாம்பாள் வாசலில் சாணி தெளித்துக் கோலம் போடுவாள். வழியில் போகிற மாட்டுவண்டிக்காரர்கள் அதை ஏதோ புது அம்மன் என்று நினைத்து, இரண்டு சாமந்திப் பூவும் வாழைப்பழமும் வைத்துக் கும்பிட்டுப் போனார்கள். பழத்தை ஜலஜா சாப்பிட்டாள்.

ஆம், சாப்பிட்டாள். அதுதான் அந்தப் பயணத்தின் அதிசயம். ராணிகஞ்ச் தாண்டியதும் காற்று உலர்ந்தது. பூமி சிவந்தது. மரங்கள் விலகி விலகி நின்றன. மழைக்காலம் போய்ப் பனி இன்னும் வராத தெளிந்த வானம். அச்சாணியில் தொங்கிய கித்தான் பையில் தண்ணீர், டாம் சொன்னபடியே பானைத் தண்ணீராகக் குளிர்ந்தது. சாம்பல் ரொட்டி மட்டும் செங்கல்லாக வந்தது. அதை வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொண்டார்கள். ஜலஜா ஜாக்கின் நிழலில் உட்கார்ந்து ரசம் சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்று கேட்டாள். ஜகதாம்பாள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பரிமாறினாள்.

வெங்கடசுப்ரமணியன் எழுந்து நின்று செம்மண் மேட்டைப் பார்த்தார். "ஜலஜா, இதுதான் ஆஸ்திரேலியா" என்றார். அவர் தன் வாழ்நாளில் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் முழு மனதோடு சொன்னது.

அஸன்ஸோலைத் தாண்டி, பெருஞ்சாலையை விட்டு வடக்கே பிரிந்து, ஒரு வழியாக மதுபூர் வந்து சேர்ந்தார்கள். மேற்கே எத்தனையோ ஊர் இருக்க மதுபூருக்கே வருவானேன் என்று கேட்கலாம். காரணம் வெளிப்படை. ஒரு மனிதன் கூரையில்லாமல் வாழ்ந்து காட்டுவதென்றால் அதைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கும்படியாக வாழ வேண்டும். மஹாதேவன் எடுத்திருந்த வீட்டுக்கு எதிரே, ஒரே ஒரு வயல் தள்ளி, ஒரு மேட்டில் வெங்கடசுப்ரமணியன் கூடாரம் அடித்தார். வாசல் கிழக்கே.

மறுநாள் சாயங்காலம் மஹாதேவன் வயல் வரப்பில் நடந்து வந்தான். கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். மூன்று கல்லுக்கு நடுவே காபி கொதித்தது.

"நிஜமாவே வந்துட்டேளே அத்திம்பேரே! நான் பர்த்வான்லேருந்து ரயில் ஏறி வருவேள்னு மீனாக்ஷிகிட்ட சொல்லிண்டிருந்தேன்."

"ரயில்ல மூட்டை முடிச்சு போகும். மனுஷாள் ரோட்டுல வருவா."

"குழந்தை கன்னத்துல ரத்தம் ஏறியிருக்கு."

"ஏறாம? ஆகாசத்துக்கு அடியில இருக்கா."

மஹாதேவன் காபியைக் குடித்தான். கிழக்கே பார்த்தான். அங்கே அடிவானத்தில் ஈயம் பூசினாற்போல் ஒரு மேகம் படுத்திருந்தது. "அது சரியாப் படலை எனக்கு. சமுத்திரத்துப் பக்கம் புயல்னு ஸ்டேஷன்ல பேசிண்டா. நீங்க இங்கேயே இருங்கோ, வேண்டாங்கலை. அக்காவையும் குழந்தையையும் மட்டுமாவது அனுப்புங்கோ."

வெங்கடசுப்ரமணியன் வயலுக்கு அப்பாலிருந்த வீட்டைச் சாவகாசமாகப் பார்த்தார். "மஹாதேவா, உன் வீட்டு வாசல் மேற்கே பார்த்துன்னா இருக்கு? யார் கட்டினான்? அதுக்குள்ளே குழந்தையை விடச் சொல்றியா?"

மஹாதேவன் எழுந்தான். போகும்போது ஜலஜாவின் தலையைத் தடவி, "மாமா வீடு அதோ தெரியறது பாத்துக்கோ. வெளக்கு எரியும்" என்றான்.

ஜகதாம்பாள் பாத்திரத்தை எடுத்துவைக்கும் சாக்கில் கணவர் பக்கம் வந்தாள். "வாசல் எந்தத் திக்குல இருந்தா என்னன்னா? போயிட்டு வரட்டுமே."

"ஒரு ராத்திரி போனா, 'பார்த்தியா, வந்துட்டா'ன்னு ஜன்மம் பூராச் சொல்லுவான்."

"சொல்லட்டுமே."

அவர் போய் முளைகளை இன்னொரு தரம் தட்டி இறுக்கினார். பேச முடியாத இடங்களில் ஏதாவது வேலை தேடிக்கொள்வது அவருக்குத் தெரிந்த ஒரே தந்திரம்.

மறுநாள் மத்தியானம் வரை ஒன்றுமில்லை. பிறகு காற்று நின்றது. ஜாக் கட்டுத்தறியில் மெதுவாகச் சுற்றிக் கிழக்குக்கு முதுகைக் காட்டி, தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

"அப்பா, ஜாக் மூஞ்சியைத் திருப்பிண்டுட்டான்" என்றாள் ஜலஜா.

அவர் பார்ப்பதற்குள் மழை வந்துவிட்டது. கிழக்கிலிருந்து, படுக்கைவாட்டில் வந்தது. கிழக்கு பார்த்த வாசல், வருகிற லக்ஷ்மிக்காகத் திறந்திருந்த வாசல், புயலை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது. கூடாரம் கப்பல் பாய் மாதிரி உப்பியது. முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. நடுக்கம்பத்தைக் கட்டிப்பிடித்த வெங்கடசுப்ரமணியனைக் கொஞ்ச தூரம் இழுத்துப்போய்ச் சேற்றில் போட்டுவிட்டு, கித்தான் மேற்கே பறந்துபோயிற்று. கோலம் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடியது.

ஜகதாம்பாள் குழந்தையை வண்டிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். வண்டிக்கு முன்னால் ஜாக் அசையாமல் நின்று அடிக்கிற காற்றில் கொஞ்சத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டது. வெங்கடசுப்ரமணியன் தவழ்ந்து அவர்களிடம் வந்தபோது ஜலஜாவின் பற்கள் கிட்டித்துக்கொண்டிருந்தன. ஈரத்தினாலா என்று தொட்டுப் பார்த்தார். ஈரத்தினால் இல்லை. உடம்பு முழுக்க உதறியது. உதட்டில் நீலம் பாரித்தது. காளிகாட்டில் பார்த்த அதே குளிர். இன்னொரு தரம் வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்ன அந்த இன்னொரு தரம்.

"போர்த்தறதுக்கு ஒண்ணுமே ஒலந்ததா இல்லேன்னா" என்றாள் ஜகதாம்பாள். குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொல்லியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வயலுக்கு அப்பால், மழைக்குள், மஹாதேவன் வீட்டு ஜன்னலில் பகலிலேயே ஒரு விளக்கு ஏற்றியிருந்தது.

வெங்கடசுப்ரமணியன் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு தன் வேஷ்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வயலில் இறங்கினார். நாற்றங்கால் போலாகிவிட்ட சேறு முழங்காலைப் பிடித்தது. ஒரே வயல்தான். கல்கத்தாவிலிருந்து வந்த வழியையெல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு வயலுக்கு ஈடாகாது என்று தோன்றிற்று. பின்னால் ஜகதாம்பாள் ஜாக்கை நடத்திக்கொண்டு வந்தாள். குதிரை சேற்றில் தயங்கியபோது அந்தச் சொற்களைச் சொன்னாள். இந்தத் தடவை அவை பொருந்தியிருந்தன.

வீட்டுக்குப் பின்பக்கம்தான் கிழக்கு. அந்தச் சுவரில் புயல் முட்டி மோதிக்கொண்டிருந்தது. முன்வாசலை நெருங்கியபோது காற்று சட்டென்று அறுந்தது. மேற்கு பார்த்த வாசல்படி பொட்டு ஈரமில்லாமல் உலர்ந்து கிடந்தது. கதவடியில் போட்டிருந்த கோலம்கூடக் கலையவில்லை.

அவர் கதவைத் தட்டினார்.

திறந்த மஹாதேவன் குழந்தையைக் கையில் வாங்கி, "மீனாக்ஷி! கம்பளி, கணப்பு!" என்று உள்ளே கத்திக்கொண்டே போனான். ஜகதாம்பாள் ஜாக்கைத் தாழ்வாரத் தூணில் கட்டிவிட்டு, கணவரைத் தாண்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போனாள்.

வெங்கடசுப்ரமணியன் மட்டும் படியிலேயே நின்றார். தண்ணீர் சொட்டிக்கொண்டே நின்றார். உள்ளே யாரோ ஓடுகிற சத்தம், கணப்பில் கரி போடுகிற சத்தம், "கொய்னா எங்கே? அந்த அலமாரியில பாரு" என்று மஹாதேவனின் குரல். குளிர் போய் ஜுரம் ஏறியது. ஜலஜா எதையோ வங்காளியில் பிதற்றினாள். அவர் ஒவ்வொன்றையும் கேட்டார். யாராவது 'வாருங்கள்' என்று சொல்லியிருந்தால் போயிருப்பாரா என்று அவருக்கே தெரியாது. யாருக்கும் அதற்கு நேரமில்லை.

விளக்கு வைத்த பிறகு மஹாதேவன் வெளியே வந்தான். கையில் ஒரு காய்ந்த துண்டு இருந்தது.

"வேர்த்துடுத்து அத்திம்பேரே. ஜுரம் எறங்கறது. தூங்கறா."

வெங்கடசுப்ரமணியன் தலையை ஆட்டினார். "கூடாரம் பறந்துடுத்து" என்றார்.

"பாத்தேன். ஜன்னல் வழியா பாத்துண்டேதான் இருந்தேன். நேத்திலேருந்து." துண்டை நீட்டினான். "உள்ளே வாங்கோ."

"நான் ஜாக்கைப் பாத்துண்டு இங்கேயே…"

"ஒருத்தன் வாசப்படியிலேயும் நிக்கமாட்டேன்னுதானே சொன்னேள்? இப்போ நிக்கறது என் வாசப்படி. உள்ளே வந்துட்டேள்னா, நின்னதாவே கணக்கில்லை."

மஹாதேவன் சிரிக்கவில்லை. அதனால்தான் அந்தப் பேச்சை வெங்கடசுப்ரமணியனால் தாங்க முடிந்தது. அவர் துண்டை வாங்கிக்கொண்டார், துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

உள்ளேயிருந்து, தூக்கத்திலா விழித்தா தெரியவில்லை, "அப்பா" என்று ஒரு குரல் வந்தது.

"இதோ வந்துட்டேம்மா."

எந்தத் திக்கைப் பார்த்த வாசல், எடுத்து வைத்தது வலது காலா இடது காலா, எதையும் அவர் பார்க்கவில்லை. குனிந்து நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனார்.